துப்பறியும் சாமியாரைப் படைத்த செஸ்டர்ட்டன்

துப்பறியும் கதை கையில் கிடைத்தால் இரவு கண்விழித்துப் படித்து முடிக்கிறவர்கள் நம் பங்கில் பலர் உண்டு. பள்ளி மாணவரும் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆலய விழா மலரில் கொலையையும் களவையும் பற்றி எழுத வேண்டுமா என்று பக்தசபைப் பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: இங்கிலாந்து நாட்டு மர்மக் கதைகளில் பேர்பெற்ற துப்பறிவாளர்களுள் ஒருவர் போலீஸ்காரர் அல்லர், வக்கீலும் அல்லர், நம் கத்தோலிக்கத் திருச்சபையின் சாதாரணக் குருவானவர். பிரவுன் சாமியார் என்பது அவர் பெயர். அவரைக் கற்பனையில் ஈன்றெடுத்த ஜி. கே. செஸ்டர்ட்டன் அப்போது கத்தோலிக்கராகக்கூட இல்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஒரு நாளும் முழந்தாளிடாத மனிதர், அந்தத் தொட்டியில் அமர்ந்திருப்பவரின் உள்ளத்தை எப்படி அறிந்தார்? அவருடைய வாழ்க்கை வரலாற்றிலேயே உள்ள மர்மம் இது.

கில்பர்ட் கீத் செஸ்டர்ட்டன் 1874-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் லண்டன் மாநகரின் கென்சிங்டன் பகுதியில் பிறந்தார். தந்தை எட்வர்டு, வீடு நிலத் தரகுத் தொழில் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்தவர். பிள்ளைகளுக்காகப் பொம்மை நாடக மேடை செய்து விளையாட்டுக் காட்டுவதில் பெருவிருப்பம் கொண்டவர். ஆங்கிலிக்கன் ஆலயத்தில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஆனால் அது ஆழ்ந்த பக்தியுள்ள குடும்பம் அன்று. மூத்த சகோதரி சிறு வயதிலேயே இறந்துபோனாள். செசில் என்ற தம்பி 1879-இல் பிறந்தார். அண்ணனும் தம்பியும் ஆயுள் முழுவதும் வாதம் செய்துகொண்டே அன்பாக இருந்தவர்கள். புனித பவுல் பள்ளியில் படித்தபோது கில்பர்ட் பகற்கனவு காணும் மந்தமான மாணவனாகவே ஆசிரியர்களின் கண்ணுக்குப் பட்டார். பட்டம் எதுவும் பெறவில்லை. ஓவியம் கற்பதற்காக ஸ்லேட் கலைப் பள்ளியில் சேர்ந்தார்.

அங்கேதான் அந்த இளைஞருக்குச் சோதனைக் காலம் வந்தது. வெளியே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. உள்ளத்திலோ இருள். கடவுள் இல்லை, உலகம் வெறும் தோற்றம், நன்மை தீமை என்பதெல்லாம் வீண் பேச்சு என்ற எண்ணங்கள் அவரை அரித்தன. ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லப்படும் பலகை விளையாட்டிலும் தம்பியோடு சேர்ந்து ஈடுபட்டார். எந்தக் குற்றத்தையும் அவர் செய்துவிடவில்லை. ஆனால் எந்தக் கொடிய குற்றத்தையும் தம்மால் கற்பனை செய்ய முடிகிறது என்று கண்டு அஞ்சினார். தமக்குப் பைத்தியம் பிடித்துவிடுமோ என்ற பயம்கூட இருந்ததாகப் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். உலகில் எதுவுமே இல்லாமல் போவதைவிட ஏதோ ஒன்று இருப்பது எவ்வளவு பெரிய கொடை என்ற நன்றியுணர்வு என்னும் மெல்லிய நூலைப் பற்றிக்கொண்டு அந்தக் குழியிலிருந்து மேலே ஏறி வந்தார். அவர் எழுதிய கொலைக் கதைகளுக்கு இந்த இருண்ட நாட்களே வித்து என்பது என் கருத்து. சிரிப்பும் விளையாட்டுமாக எழுதுகிறவர் என்று மட்டும் அவரை எண்ணுகிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனிப்பதில்லை.

பிறகு பதிப்பகங்களில் வேலை பார்த்தார், பத்திரிகைகளுக்கு எழுதினார். 1901-ஆம் ஆண்டு ஜூன் 28 அன்று பிரான்செஸ் என்ற நற்குணம் வாய்ந்த பெண்ணை மணந்தார். அவர் பக்தியுள்ள ஆங்கிலிக்கன். கணவரை ஆலயத்துக்கு அழைத்துச் சென்றவர் அவரே. இத்தம்பதியருக்குப் பிள்ளைப்பேறு இல்லை. அது இருவருக்கும் பெருந்துயரம். செஸ்டர்ட்டனின் புகழோ வேகமாக வளர்ந்தது. 1905 முதல் இறக்கும்வரை, ஏறத்தாழ 30 ஆண்டுகள், இல்லஸ்டிரேட்டட் லண்டன் நியூஸ் என்னும் வாரப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினார். 1909-இல் இந்திய தேசியத்தைப் பற்றி அதில் அவர் எழுதிய ஒரு கட்டுரை, அப்போது லண்டனில் இருந்த காந்தியடிகளின் உள்ளத்தைத் தொட்டது; சில வாரங்களில் கப்பற் பயணத்தில் அவர் ‘இந்து சுயராச்சியம்’ எழுதியபோது அந்தச் சிந்தனை உடனிருந்தது என்பர். இது வேறு கதை.

ஆறடியைத் தாண்டிய உயரம், அதற்கேற்ற பெருத்த உடல், தோளில் பெரிய மேலங்கி, கையில் கத்தி மறைந்த கைத்தடி: இதுவே செஸ்டர்ட்டன். மறதியோ சொல்லி முடியாது. எந்த ஊரில் சொற்பொழிவாற்றப் புறப்பட்டோம் என்பதை மறந்து, நடுவழியில் இறங்கி, தாம் எங்கே இருக்க வேண்டும் என்று மனைவிக்குத் தந்தி கொடுத்தாராம். வீட்டில்தான் என்று அம்மையார் பதில் அனுப்பி, முதலில் அவரை வீடு திரும்பச் செய்தாராம். கணவர்மார்களை நன்கு அறிந்த நம் பங்குத் தாய்மார்களுக்கு இது வியப்பாக இராது!

இனி அந்தக் குருவானவரிடம் வருவோம். 1904-ஆம் ஆண்டு வாக்கில் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், கீத்லி என்ற ஆலைத் தொழில் நகரில் சொற்பொழிவாற்றச் சென்றார் செஸ்டர்ட்டன். அங்கே ஜான் ஓகானர் அடிகளார் என்ற உதவிக் குருவைச் சந்தித்தார். அயர்லாந்து நாட்டவர், முப்பத்து நான்கு வயதளவினர், கலகலப்பான பேச்சும் நல்ல நூலறிவும் உள்ளவர். இருவரும் மேட்டுநிலப் புல்வெளி வழியாக இல்க்லி என்ற ஊருக்கு நடந்தே சென்றனர். வழியில், சமூகத்தின் ஒழுக்கக் கேடுகள் பற்றித் தாம் ஆதரித்து எழுத எண்ணியிருந்த ஒரு திட்டத்தைச் செஸ்டர்ட்டன் விவரித்தார். அடிகளார் அமைதியாகக் கேட்டார். பிறகு, உண்மை நிலை அவர் நினைப்பதுபோல் இல்லை என்று, தம் பணியில் தாம் அறிந்த மனித இழிவுகளைப் பொதுப்படையாக எடுத்துச் சொன்னார். லண்டனில் பத்திரிகை நடத்தி, உலகம் அறிந்தவன் என்று தம்மை எண்ணியிருந்த செஸ்டர்ட்டன் திகைத்துப் போனார். தாம் கனவிலும் அறியாத பாதாளங்களை இந்த இனிய முகத்துச் சாமியார் அறிந்திருந்தார்.

போய்ச் சேர்ந்த வீட்டில் வேறு விருந்தினர் பலரும் இருந்தனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர் இருவர் அடிகளாரோடு இசையையும் இயற்கையையும் பற்றி அளவளாவி மகிழ்ந்தனர். அவர் அறையை விட்டு வெளியே போனதும் அவருடைய அறிவை மெச்சினர். ஆனால் இப்படி மடத்துக்குள் அடைந்து கிடக்கிறவருக்கு உலகின் உண்மையான தீமை பற்றி என்ன தெரியும் என்று அவர்களில் ஒருவர் சொன்னார். செஸ்டர்ட்டனுக்கு அடக்க முடியாத சிரிப்பு வந்தது. அடிகளார் அறிந்திருந்த தீமையோடு ஒப்பிட்டால் அந்த இரு மாணவரும் தள்ளுவண்டியில் படுத்திருக்கும் பச்சைக் குழந்தைகள் என்று அவருக்குத் தோன்றியது. உலகம் அறியாதவர் என்று எல்லாரும் எண்ணுகிற ஒரு குரு, குற்றவாளிகளைக் காட்டிலும் குற்றத்தை அறிந்தவராக இருந்தால் எப்படி? அந்த எண்ணமே பிரவுன் சாமியார் ஆயிற்று.

குருக்களைப் பற்றி இந்த எண்ணம் நம் நாட்டிலும் உண்டு. சாமியாருக்குக் குடும்பம் இல்லை, கடன் இல்லை, கவலை இல்லை, அவருக்கு என்ன தெரியும் என்று பேசிக்கொள்வது என் காதிலும் விழுந்திருக்கிறது. அப்படிப் பேசியவரே சனிக்கிழமை மாலை வரிசையில் வந்து நிற்பார். எதைச் சொல்வது!

முதற்கதை 1910-இல் பத்திரிகையில் வெளிவந்தது. நீலச் சிலுவையைப் பற்றிய அந்தக் கதையை இன்னும் படிக்காதவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்கிறேன். 1908-ஆம் ஆண்டு லண்டனில் உண்மையாகவே ஓர் அனைத்துலக நற்கருணை மாநாடு நடந்தது. அதில் நற்கருணை ஆண்டவரைத் தெருவில் பவனியாக எடுத்துச் செல்ல அரசாங்கம் இடங்கொடுக்கவில்லை. அந்த அளவுக்கு அந்நாட்டில் கத்தோலிக்கர் மீது ஐயம் இருந்த காலம். கதையிலும் லண்டனில் ஒரு நற்கருணை மாநாடு. எசெக்ஸ் மாவட்டத்திலிருந்து குள்ளமான, உருண்டை முகமுள்ள ஒரு சாமியார் வருகிறார். கையில் பழுப்புக் காகிதப் பொட்டலங்கள். கீழே விழுந்துகொண்டே இருக்கும் பெரிய குடை. நீலக்கற்கள் பதித்த விலையுயர்ந்த வெள்ளிச் சிலுவை தம்மிடம் இருப்பதாக ரயிலில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வருகிறார். இதைவிட எளிய இரை திருடனுக்கு ஏது? ஃபிளாம்போ என்ற பிரெஞ்சு நாட்டுப் பெருந்திருடன், தானும் ஒரு குருவாக வேடமிட்டு அவரோடு ஒட்டிக்கொள்கிறான். பாரிஸ் நகரத்துப் போலீஸ் தலைவர் வாலண்டின் திருடனைத் தேடி லண்டனில் அலைகிறார். அவருக்குக் கிடைக்கும் தடயங்களோ விசித்திரமானவை. ஓர் உணவுவிடுதியில் சர்க்கரைக் கிண்ணத்தில் உப்பு. சுவரில் சூப்புக் கறை. ஒரு பழக்கடையில் விலைச் சீட்டுகள் இடம் மாறிக் கிடக்கின்றன. மற்றொரு விடுதியில் கண்ணாடி உடைந்திருக்கிறது. உடைப்பதற்கு முன்பே அதற்கான பணம் கொடுக்கப்பட்டிருக்கிறது. எல்லாம் இரண்டு சாமியார்கள் வந்துபோன இடங்கள்.

போலீசார் பின்தொடர்ந்து வரவேண்டும் என்பதற்காகப் பிரவுன் சாமியாரே வேண்டுமென்று விட்டுச்சென்ற அடையாளங்கள் அவை. ஹாம்ப்ஸ்டெட் புல்வெளியில் திருடன் தன் முகமூடியைக் கழற்றியபோது, சிலுவைப் பொட்டலம் எப்போதோ கைமாறி, தபாலில் பத்திரமாகப் போய்விட்டது. இந்தத் தந்திரமெல்லாம் ஒரு சாமியாருக்கு எப்படித் தெரியும் என்று திருடன் வாய்பிளக்கிறான். நாள்தோறும் மனிதர் செய்த மெய்யான பாவங்களைக் காதால் கேட்பதே தொழிலாக இருப்பவன் தீமையை அறியாதிருப்பானா என்பதே அவருடைய பதிலின் சாரம். இல்க்லி வீட்டில் மாணவர்களுக்குச் சொல்லாமல் விழுங்கிய பதிலைச் செஸ்டர்ட்டன் இங்கே சொல்லிவிட்டார். ஃபிளாம்போ உண்மையான குரு அல்லன் என்று சாமியார் கண்டுகொண்ட விதம் எங்களைப் போன்ற குருமட மாணவர்களுக்குத் தேனாக இனித்தது: அவன் பேச்சினிடையே பகுத்தறிவைத் தாழ்த்திப் பேசினான், அது நல்ல இறையியல் அன்று! தத்துவ வகுப்பில் நாங்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு கற்ற பாடம் ஒரு திருடனைப் பிடிக்கப் பயன்படும் என்று யார் நினைத்தார்கள்?

இந்தக் கதைகள் 1911, 1914, 1926, 1927, 1935 ஆகிய ஆண்டுகளில் ஐந்து தொகுதிகளாக வெளிவந்தன. மொத்தம் ஏறக்குறைய 50 கதைகள். இவற்றில் முதல் இரண்டு தொகுதிகள், அதாவது 24 கதைகள், செஸ்டர்ட்டன் கத்தோலிக்கர் ஆவதற்கு முன்பே எழுதப்பட்டவை.

சேசு சபையார் நடத்திய கல்லூரியில் படித்த கானன் டாயில் 1887 முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை எழுதிப் புகழ்பெற்றிருந்தார். ஹோம்ஸ் சுருட்டுச் சாம்பலையும் காலணிச் சேற்றையும் ஆராய்வார். பிரவுன் சாமியார் மனிதனை நோக்குகிறார். தபால்காரர் வாசல் வழியே வந்துபோனாலும் அவரை ஓர் ஆளாக யாரும் கவனிப்பதில்லை. ஆகவே அவர் கண்ணுக்குத் தெரியாத மனிதர் ஆகிவிடுகிறார். இதை மையமாக வைத்து ஒரு கதை. சாகக் கிடக்கும் பணியாளருக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க ஒரு பெரிய விடுதிக்கு வந்தவர், அடுத்த நடையில் கேட்கும் காலடியோசை ஒருசமயம் வேகமாகவும் ஒருசமயம் நிதானமாகவும் ஒலிப்பதைக் கொண்டே திருட்டைக் கண்டுபிடிப்பது மற்றொரு கதை. அந்தத் திருடனும் ஃபிளாம்போவே. அவனைச் சங்கிலியிட்டு இழுத்துச் செல்வதில் சாமியாருக்கு அக்கறை இல்லை. மறுபடியும் மறுபடியும் அவனைச் சந்தித்து, வாதாடி, கடைசியில் திருடிய வைரங்களை அவனே திருப்பித் தரும்படி செய்கிறார். பிற்காலக் கதைகளில் ஃபிளாம்போ மனந்திரும்பி, அவருக்கு உற்ற நண்பனாகி, துப்பறியும் தொழிலையே மேற்கொள்கிறான்.

இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது சம்மட்டியால் நடந்த கொலைக் கதை. தீய வழியில் நடந்த ஒரு பிரபு, கிராமத்து ஆலயத்தின் அருகே தலை நொறுங்கிக் கிடக்கிறான். சிறிய சம்மட்டி, ஆனால் அரக்கன் அடித்ததுபோன்ற அடி. ஊரார் கொல்லரைச் சந்தேகிக்கின்றனர். பிறகு அவர் மனைவியை. பிறகு புத்தி சுவாதீனமற்ற ஒருவனை. பிரவுன் சாமியார், இறந்தவனின் சகோதரரும் ஆங்கிலிக்கன் சபையின் உதவிக் குருவுமான வில்ஃபிரடை ஆலயக் கோபுரத்தின் மேல் அழைத்துச் செல்கிறார். உயரத்தில் நின்று செபிப்பவர்க்குக் கீழே நடமாடும் மனிதர் பூச்சிகள்போல் தோன்றுவதுண்டு. அப்படித் தோன்றிய ஒரு நொடியில், தீயவனைத் தண்டிப்பது தன் உரிமை என்று எண்ணி அந்தப் பக்திமான் சம்மட்டியை நழுவவிட்டான். உண்மை முழுவதையும் அவனிடம் சொன்ன சாமியார், இதைப் பாவசங்கீர்த்தன இரகசியம்போல் தாம் காப்பதாகவும், இனி ஆகவேண்டியது அவன் கையில் இருப்பதாகவும் கூறி விலகிக்கொள்கிறார். இருவரும் படியிறங்குகின்றனர். வில்ஃபிரடு தானே சென்று போலீஸ் அதிகாரியிடம் சரணடைகிறான். குற்றவாளியைக் கண்டுபிடித்தவுடன் மற்றவர் கதை முடிந்துவிடும்; செஸ்டர்ட்டனின் கதை அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பாவம் செய்தவன் தன் வாயால் அதைச் சொல்ல வேண்டும். சொல்ல அவனுக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும். ஒப்புரவு அருட்சாதனத்தில் அமரும் எந்தக் குருவுக்கும் இது தெரிந்த நிலைமையே.

1927-இல் வெளிவந்த தொகுதியின் முதற்கதையில் சாமியாரின் இரகசியம் வெளியாகிறது. ஸ்பெயின் நாட்டில் ஃபிளாம்போவின் இல்லத்தில் ஓர் அமெரிக்கர் அவருடைய துப்பறியும் முறையைக் கேட்கிறார். அந்தக் கொலைகளையெல்லாம் செய்தது தாமே என்கிறார் சாமியார். கேட்டவர் நடுங்குகிறார். பொருள் இதுதான்: கொலைகாரனை ஒரு விநோதப் பிராணியைப்போல் வெளியிலிருந்து பார்க்காமல், அவன் உள்ளத்துக்குள் தாம் புகுந்து, அவன் கோபத்தைத் தம் கோபமாக உணர்ந்து, கையை ஓங்குவது தவிர மற்ற எல்லாவற்றிலும் அவனாகவே ஆகிவிடும்வரை அவர் சிந்திப்பார். அப்போது கொலைகாரன் யார் என்று தெரிந்துவிடும். இது ஓர் ஆன்மப் பயிற்சி. நானும் அவனைப்போல் ஆகக்கூடியவனே என்று அறிவது. ஸ்லேட் கலைப் பள்ளியில் தன் மனத்துக்குள்ளேயே குற்றங்களைக் கண்டு நடுங்கிய அந்த இளைஞர், முப்பது ஆண்டுகள் கழித்து அந்தப் பயத்தையே பிரவுன் சாமியாரின் ஞானமாக மாற்றிவிட்டார்.

கதைகளில் குறையும் உண்டு. சில அவசரமாக எழுதப்பட்டவை, படித்தாலே தெரியும். அவர் நடத்திய வாரப் பத்திரிகை பணத்தை விழுங்கிக்கொண்டே இருந்தது. வங்கியில் நூறு பவுன்தான் மீதி என்று செயலாளர் வந்து சொன்னால், சரி, இன்னொரு பிரவுன் கதை எழுதியாக வேண்டும் என்று எழுந்துபோய்ச் சொல்லத் தொடங்குவாராம். வேற்று நாட்டவரைச் சித்திரிப்பதில் அக்கால ஆங்கிலேயரின் பார்வை அவரையும் விடவில்லை. ஒரு கதையில் நம் நாட்டுச் சந்நியாசி ஒருவர் ஏதோ பேய்போல் உலவுகிறார். ஆனால் கதை முடிவில் கொலைகாரர் அந்த இந்தியர் அல்லர், மரியாதைக்குரிய ஆங்கிலேய மருத்துவரே என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1930-இல் லண்டனில் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் ஒரு சங்கம் அமைத்தபோது செஸ்டர்ட்டனையே முதல் தலைவராக்கினர்; சாகும்வரை அப்பதவியில் இருந்தார். அகதா கிறிஸ்டி, டாரதி சேயர்ஸ் முதலியோர் அதன் உறுப்பினர். புதிதாகச் சேருபவர் ஒரு மண்டையோட்டின் முன்னிலையில் வேடிக்கையாகச் சத்தியம் செய்ய வேண்டும்: கதையில் தெய்வச் செயலாலோ தற்செயலாலோ மர்மத்தை அவிழ்க்கக் கூடாது, வாசகரிடம் தடயம் எதையும் மறைக்கக் கூடாது. ரானல்டு நாக்ஸ் அடிகளாரும் அச்சங்கத்தில் இருந்தார்; 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தவர் அவரே. பிற்காலத்தில் வேதாகமத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த அதே நாக்ஸ்தான்.

பிரவுன் சாமியாரைப் படைத்தவர் அவர் காட்டிய வாசலுக்குள் நுழைய நெடுங்காலம் ஆயிற்று. ஓகானர் அடிகளாரின் நட்பு வளர்ந்தது. செஸ்டர்ட்டனின் வீடு இருந்த பெக்கன்ஸ்ஃபீல்டு ஊருக்கு அவர் அடிக்கடி வந்துபோனார். 1914-ஆம் ஆண்டு இறுதியில் செஸ்டர்ட்டன் கடும் நோயுற்று நினைவிழந்து கிடந்தார். அவர் கத்தோலிக்கராகச் சாக விரும்பக்கூடும் என்று அஞ்சிய பிரான்செஸ் அம்மையார் அடிகளாரோடு தொடர்பு கொண்டார். 1915-ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளை ஒட்டி நோயாளி மெல்லத் தெளிந்தார். ஆயினும் முடிவெடுக்கவில்லை. தடை மனைவிமீது கொண்ட அன்பே. தம்மைக் கைபிடித்து ஆலயத்துக்கு அழைத்து வந்தவளை அதே ஆலய வாசலில் தனியே விட்டுச் செல்ல அவரால் இயலவில்லை. 1912-இல் கத்தோலிக்கரான தம்பி செசில், 1918 டிசம்பரில் பிரான்சு நாட்டு இராணுவ மருத்துவமனையில் இறந்தார். ஆண்டுகள் உருண்டன. அம்மையாரோ, கணவர் மனப்போராட்டத்தில் துன்புறுவதைவிடப் போய்விடுவதே மேல் என்று கண்டார்.

1922-ஆம் ஆண்டு ஜூலை 30, ஞாயிற்றுக்கிழமை. பெக்கன்ஸ்ஃபீல்டில் அப்போது கத்தோலிக்க ஆலயம் இல்லை. ரயில்வே ஹோட்டலைச் சேர்ந்த, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையிலேயே திருப்பலி நடந்துவந்தது. ஓலைக் கொட்டகையில் தொடங்கிய பங்குகளைச் சேர்ந்த நம்மவர்க்கு அந்த இடத்தை மனக்கண்ணில் காண்பது எளிது. ஓகானர் அடிகளாரும் இக்னேஷியஸ் ரைஸ் என்ற பெனடிக்ட் சபைக் குருவும் வந்திருந்தனர். 48 வயதான, நாடறிந்த எழுத்தாளர் காலையில் நாற்காலியில் அமர்ந்து, பள்ளிப் பிள்ளைபோல் குறிப்பிடம் படித்துக்கொண்டிருந்தார். பிற்பகல் கொட்டகைக்குச் சென்றபோது செபப் புத்தகம் தேவைப்பட்டது. சட்டைப்பையில் கைவிட்டார். வந்தது மூன்று பென்சு விலையுள்ள மலிவான மர்ம நாவல்! சற்றும் கூச்சமின்றி அதை எடுத்துவிட்டு, மேலும் துழாவிச் செபப் புத்தகத்தைக் கண்டெடுத்தார்.

பிறகு அவர் ஓகானர் அடிகளாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தார். அந்நேரத்தில் பிரான்செஸ் அம்மையார் மற்றக் குருவோடு வெளியே வந்து, விடுதியின் பெஞ்சில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தார். உள்ளே, யார்க்‌ஷயர் புல்வெளியில் மனிதரின் பாவங்களைப் பற்றிக் கேட்டுத் திகைத்த மனிதர், 18 ஆண்டுகளுக்குப் பின் அதே குருவிடம் தம் பாவங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏன் கத்தோலிக்கர் ஆனீர் என்று கேட்டவர்களுக்குப் பிற்காலத்தில் அவர் தந்த காரணம், இத்தனை தத்துவ நூல்கள் எழுதியவரிடம் யாரும் எதிர்பாராதது: பாவங்களிலிருந்து விடுபடுவதற்காகவே என்றார். பாவங்களை மெய்யாகவே போக்குவதாகச் சொல்லும் சபை வேறில்லை என்று அவர் கண்டிருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1926-ஆம் ஆண்டு சகல புனிதர் திருநாளன்று, யாரும் வற்புறுத்தாமல் பிரான்செஸ் அம்மையாரும் திருச்சபையில் சேர்ந்தார். குழந்தை இயேசுவின் புனித தெரசம்மாள் பெயரால் அவ்வூரில் ஆலயமும் எழுந்தது.

1923-இல் புனித பிரான்சிஸ் அசிசியாரைப் பற்றியும் 1933-இல் புனித தாமஸ் அக்வினாரைப் பற்றியும் செஸ்டர்ட்டன் எழுதிய வாழ்க்கை நூல்கள் குருமடங்களில் இன்றும் படிக்கப்படுகின்றன. 1934-இல் திருத்தந்தை 11-ஆம் பத்திநாதர் அவருக்குப் புனித கிரகோரியார் வீரர் பட்டம் அளித்தார். 1936-ஆம் ஆண்டு ஜூன் 14, ஞாயிறு காலை, 62-ஆம் வயதில், அருட்சாதனங்கள் பெற்றுப் பெக்கன்ஸ்ஃபீல்டில் உயிர்நீத்தார். அவரைக் காண வந்த டொமினிக் சபையைச் சேர்ந்த வின்சென்ட் மக்நாப் அடிகளார், படுக்கையருகே நின்று கிருபைதயாபத்து மந்திரத்தை இலத்தீனில் பாடி, மேசைமேலிருந்த பேனாவை எடுத்து முத்தமிட்டார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் நடந்த இரங்கல் திருப்பலியில் மறையுரை ஆற்றியவர் ரானல்டு நாக்ஸ். பிரான்செஸ் அம்மையார் 1938 டிசம்பரில் கணவரைப் பின்தொடர்ந்தார்.

அவருக்குப் புனிதர் பட்டம் கோரி அன்பர்கள் முயன்றனர். நார்தாம்ப்டன் மறைமாவட்ட ஆயர் விசாரணைக்கு ஏற்பாடு செய்து, 2019-இல் அந்த முயற்சியைத் தொடங்க இயலாது என்று அறிவித்தார். உள்ளூரில் அவர்மீது பக்தி முயற்சி இல்லாதது, தனிப்பட்ட ஆன்மீக வழி தெளிவாகப் புலப்படாதது, யூத மக்களைப் பற்றி அவர் எழுதியவை ஆகியவையே காரணங்கள். அந்த எழுத்துக்களில் சில நம்மைத் தலைகுனியச் செய்பவை. அவற்றைப் பூசி மெழுகுவது அவருக்கு மரியாதை ஆகாது. ஆயரின் முடிவு சரியென்றே நானும் எண்ணுகிறேன்.

ஓகானர் அடிகளார் தம் நண்பரைப் பற்றி 1937-இல் ஒரு நூல் எழுதினார். கதையில் வரும் சாமியார் தளர்ந்த உடையும் தடுமாறும் நடையும் உள்ளவர். உண்மையான அடிகளாரோ துப்புரவானவர், சுறுசுறுப்பானவர். மாறுவேடத்துக்காக மேல் தோற்றத்தை மாற்றியதாகச் செஸ்டர்ட்டனே ஒப்புக்கொண்டிருக்கிறார். அடிகளார் பிராட்ஃபோர்டு நகரில் புனித கத்பெர்ட் ஆலயப் பங்குக்குருவாக 1919 முதல் பணியாற்றி, 1952-இல் அப்பதவியிலிருந்தபடியே இறந்தார். முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒரே பங்கு!

இரண்டு ஆண்டுகள் சென்றபின், 1954-இல் நீலச் சிலுவைக் கதை ராபர்ட் ஹேமர் இயக்கத்தில் திரைப்படமாக வந்தது. 1934-இலேயே அமெரிக்காவில் ஒரு படம் எடுத்திருந்தார்கள். அதைவிட இதுவே பேர்பெற்றது. பிரவுன் சாமியாராக நடித்தவர் அலெக் கின்னஸ்; அப்போது அவர் கத்தோலிக்கர் அல்லர். பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் படப்பிடிப்பு. ஒரு மாலை, நடிப்புக்கான அங்கியைக் கழற்றாமலே அவர் தங்குமிடத்துக்கு நடந்து வந்தபோது, முன்பின் அறியாத ஒரு சிறுவன் ஓடிவந்து அவர் கையைப் பற்றிக்கொண்டான். அவரைக் குருவென்றே நம்பி, ஏதேதோ மழலையாகப் பேசியபடி கைகோத்து நடந்தான். தன் பிரெஞ்சுப் பேச்சு குழந்தையைப் பயமுறுத்திவிடுமோ என்று நடிகர் வாய் திறக்கவில்லை. சற்றுத் தூரம் சென்றதும் வணக்கம் சொல்லிவிட்டுச் சிறுவன் வேலி இடுக்கில் ஓடி மறைந்தான். வெறும் அங்கியைக் கண்டே ஒரு குழந்தைக்கு இத்தனை நம்பிக்கை வருமானால், அந்த அங்கிக்குப் பின்னாலுள்ள திருச்சபையைப் பற்றித் தாம் கேட்டு வளர்ந்தவை எல்லாம் உண்மையாயிருக்க முடியுமா என்று அவர் யோசித்துக்கொண்டே நடந்தார். பிறகு அவருடைய மகனுக்கு இளம்பிள்ளை வாதம் கண்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தபோது, வேலை முடிந்து வீடு திரும்பும் வழியிலிருந்த ஒரு கத்தோலிக்க ஆலயத்தில் போய் உட்காரும் பழக்கம் ஏற்பட்டது. மகன் குணமடைந்தான். 1956-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அலெக் கின்னஸ் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.